ஸ்ப்ரிங்கை வெட்டப் போனவன் ஷாக் மாற்றிய கதை

எங்கள் வீட்டில் 2009 மாடல் ஆல்டோ ஒன்று இருக்கிறது. அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அந்த வண்டிக்கு மாதம் ஒரு முக்கியமான வேலை உண்டு. இடுப்பு ஆபரேஷன் முடிந்த தாத்தாவை வண்டலூரிலிருந்து குரோம்பேட்டைக்கு செக்கப்புக்குக் கூட்டிப்போய், பத்திரமாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

போன வருஷம் ஒரு நாள் நான்தான் ஓட்டினேன். பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் தாத்தா மேல் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு பள்ளத்திலும் பின்பக்கம் 'டக்'கென்று இடித்தது. வீட்டுத் தெரு ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கியதும் அவர் சொன்னார்: "தம்பி, எங்க ஊர் மாட்டு வண்டி இதுக்கு எவ்வளவோ தேவலாம்டா."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஃபைனல் இயர் மெக்கானிக்கல். வைப்ரேஷன் பேப்பரில் நல்ல மார்க் வேறு. சரி, சஸ்பென்ஷன் அப்கிரேட் பண்ணிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அப்போது என் மனதில் இருந்தது தாத்தாவின் இடுப்பு இல்லை, ரீல்ஸில் பார்த்த லோயரிங். ஸ்ப்ரிங்கில் ஒரு சுற்று வெட்டினால் வண்டி தரையோடு தரையாக, சூப்பராக நிற்கும் என்றுதான் ஆரம்பித்தேன்.

கடைசியில் ஒரு சுற்றுகூட வெட்டவில்லை. ஏன் வெட்டவில்லை, பதிலாக என்ன செய்தேன், எங்கே கிட்டத்தட்ட கையை இழந்திருப்பேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் பழைய வண்டி இருந்தால் உதவும்.

ஸ்ப்ரிங் வேறு, ஷாக் வேறு

நம்மில் பாதிப் பேர் குழம்புவது இங்கேதான். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்ப்ரிங். ஷாக் அப்சார்பர் எடையைத் தாங்காது. ஸ்ப்ரிங் அமுங்கி விரியும்போது அது ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்காமல் நிறுத்துவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே எண்ணெய் இருக்கிறது. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது எண்ணெய் சின்னத் துளைகள் வழியாகப் பிதுங்கிப் போக வேண்டும். ஆட்டத்தின் ஆற்றல் அங்கே வெப்பமாக மாறிவிடுகிறது. மோசமான ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு ஷாக்கைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும்.

ஆல்டோவில் முன்பக்கம் மெக்பர்சன் ஸ்ட்ரட். அதாவது ஷாக்கைச் சுற்றியே ஸ்ப்ரிங் உட்கார்ந்திருக்கும், இரண்டும் ஒரே செட். ஏர்ல் மெக்பர்சன் என்ற அமெரிக்க இன்ஜினியர் உருவாக்கிய அமைப்பு இது. 1950-இல் ஃபோர்டு நிறுவனம் இங்கிலாந்தில் கொண்டுவந்த கான்சல், செஃபிர் கார்களில் பிரபலமானது. பாகங்கள் குறைவு, இடம் குறைவு, விலையும் குறைவு. அதனால்தான் இன்றைக்கும் சின்னக் கார்களில் பெரும்பாலும் இதுதான்.

பின்பக்கம் ஆல்டோவில் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே ஆக்சில், அதன் மேல் காயில் ஸ்ப்ரிங், தனியாக ஷாக். இந்தத் 'தனியாக' என்ற வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிகினருக்குப் பின்பக்கம் சுலபமாகவும் முன்பக்கம் ஆபத்தாகவும் இருப்பதற்கு அதுதான் காரணம்.

வெட்டினால் என்ன ஆகும்?

காயில் ஸ்ப்ரிங்கின் விறைப்பு சுருள் எண்ணிக்கைக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். இது நாம் எல்லோரும் எக்ஸாமில் எழுதிய ஃபார்முலாதான். வேலை செய்யும் சுருள் 6 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றை வெட்டினால் 5. விறைப்பு 6/5, அதாவது 20 சதவீதம் கூடிவிடும். வண்டி தாழ்ந்து மட்டும் நிற்காது, கட்டையாகவும் ஆகும்.

இன்னொரு கணக்கு. வண்டியின் எடையால் ஸ்ப்ரிங் நிலையாக எவ்வளவு அமுங்கி நிற்கிறதோ, அதிலிருந்தே அது ஆடும் வேகத்தைச் சொல்லலாம். 25 செ.மீ. அமுங்கினால் நொடிக்கு 1 ஆட்டம். 11 செ.மீ. என்றால் ஏறக்குறைய 1.5. 6 செ.மீ. பக்கம் வந்தால் 2. சாதாரணக் கார்கள் 1 முதல் 1.5 வரை வைத்துத்தான் டிசைன் செய்யப்படுகின்றன. நாம் நடக்கும் தாளத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் உடம்புக்கு அது பழகிய ஆட்டம். அதற்கு மேல் போகப் போக ஒவ்வொரு குலுக்கலும் இடுப்புக்குத்தான் போகும்.

அடுத்தது தரை இடைவெளி. ஆல்டோவுக்கு 160 மி.மீ. இந்திய ரோடு காங்கிரஸ் விதிப்படி ஸ்பீடு பிரேக்கர் 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். அப்படிக் கட்டினால் ஆல்டோவின் நான்கு சக்கரமும் அந்த மேட்டுக்குள்ளேயே அடங்கிவிடும், அலுங்காமல் ஏறி இறங்கலாம். நம் தெருவில் இருப்பது அப்படியா? அரை மீட்டர் அகலத்தில் திண்ணை மாதிரி கட்டிவைத்திருக்கிறார்கள். அந்த 100 மி.மீ. திண்ணை வண்டியின் வயிற்றுக்கு அடியில் வரும்போது மிச்சம் 60 மி.மீ. ஐந்து பேர் உட்கார்ந்தால் அதுவும் குறையும். இதில் 40 மி.மீ. இறக்கினால்? சைலன்சர் போச்சு.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததற்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று ஆனது. தேய்ந்துபோன ஷாக்கை அதே அளவுள்ள புது ஷாக்காக மாற்றுவது இதில் வராது. அது ரிப்பேர்.

நம்ம ஊர் பாடம்

நாம் தினமும் பஸ்ஸில் கடக்கும் இதே வண்டலூரில் ஒரு காலத்தில் கார் ஃபேக்டரி இருந்தது தெரியுமா? ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. இங்கிலாந்து ஸ்டாண்டர்ட் கம்பெனியின் கார்களை இங்கே தயாரித்தார்கள். 1961-இல் வந்தது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அதன் பின் சஸ்பென்ஷன் சுதந்திர வகை. ஒவ்வொரு பின்சக்கரமும் தனித்தனியாக ஆடும், குறுக்கே ஒரு பட்டை ஸ்ப்ரிங். பேப்பரில் பார்த்தால் அந்தக் காலத்துக்கு அது அட்வான்ஸ்டு.

ஆனால் அது நம்மூர் மெக்கானிக்குகளுக்கு ஒத்துவரவில்லை. 1972-இல் அதே ஹெரால்டை மாற்றி கெஸல் என்று விட்டபோது, பின்பக்கம் சாதாரண ஒற்றை ஆக்சிலுக்கே திரும்பிவிட்டார்கள். பிறகு 1985-இல் ரோவர் காரை வைத்து ஸ்டாண்டர்ட் 2000 வந்தது. அதிலும் நம் ரோட்டுக்காக சஸ்பென்ஷனை மாற்றித் தரை இடைவெளியை உயர்த்தினார்கள். யாரும் இறக்கவில்லை!

1980-களின் கடைசியில் அந்த ஃபேக்டரி உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆனால் அவர்கள் செய்ததில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அப்கிரேட் என்றால் விலை கூடியதும், பார்க்க ஸ்டைலானதும் இல்லை. அந்த ரோட்டுக்கும், அதில் உட்காருபவருக்கும், அதை ரிப்பேர் பண்ணப் போகிறவருக்கும் பொருந்துவதுதான் அப்கிரேட். இது புரிந்ததும் என் ப்ளான் மாறியது. கம்பெனி அளவிலேயே நாலு புது ஷாக், தேய்ந்த ரப்பர் எல்லாம் புதுசு, ஸ்ப்ரிங் பழையதே. அவ்வளவுதான்.

முதலில் நோயைக் கண்டுபிடி

வாங்குவதற்கு முன் செக் பண்ணுங்கள்.

வண்டியின் ஒரு மூலையை நன்றாக அழுத்தி விடுங்கள். மேலே வந்து நிலைக்கு நின்றால் ஓகே. இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் போய்விட்டது. ஆனால் இந்த டெஸ்டில் பாஸ் என்பதால் ஷாக் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். பாதி தேய்ந்தது இதில் மாட்டாது.

ஷாக் உடம்பில் எண்ணெய் வழிந்து தூசி ஒட்டியிருக்கிறதா? டயரின் மேல் கையை ஓட்டிப் பாருங்கள், மேடு பள்ளமாகத் தேய்ந்திருக்கிறதா? இரண்டும் ஷாக் போனதற்கு அடையாளம்.

'டக் டக்' சத்தம் மட்டும் வந்தால் அவசரப்படாதீர்கள். ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட், லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட் எதுவாகவும் இருக்கலாம். எனக்கு முன்பக்கச் சத்தம் பாதி மவுண்ட் ரப்பரால் வந்தது. ஷாக் மட்டும் மாற்றியிருந்தால் சத்தம் அப்படியே இருந்திருக்கும்.

ஷாக்கை எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள். இடப்பக்கம் புதுசு, வலப்பக்கம் பழசு என்றால் சடன் பிரேக்கில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். கூடவே டஸ்ட் பூட், பம்ப் ஸ்டாப், மேல் மவுண்ட் மூன்றையும் வாங்கிவிடுங்கள். பழைய மார்க்கெட்டில் ஷாக் வாங்க வேண்டாம், பெயின்ட் அடித்தால் எல்லாம் புதுசு மாதிரிதான் தெரியும். எனக்கு எல்லாம் சேர்த்து, அலைன்மென்ட் உட்பட, பத்தாயிரத்துக்குள் முடிந்தது.

வண்டியைத் தூக்குவதுதான் பாதி வேலை

ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவதற்கு ஸ்டாண்ட் வேண்டும். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையோ கையோ போகவே கூடாது. ஆல்டோ சின்ன வண்டிதானே என்று நினைக்காதீர்கள், 700 கிலோவுக்கு மேல். ஹாலோ பிளாக், செங்கல் வைத்துச் சமாளிப்பதும் வேண்டாம். அவை விரிசல் விட்டுக் காட்டாது, நேராக நொறுங்கும்.

இடம் சமமான சிமென்ட் தரையாக இருக்க வேண்டும். பேவர் பிளாக், செம்மண் என்றால் ஸ்டாண்ட் புதையும். வீல் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கால் சுற்று லூஸ் பண்ணிவிடுங்கள்.

ஒரு விஷயம் எனக்கே லேட்டாகத்தான் உறைத்தது. ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் ஹேண்ட் பிரேக்கால் பயனில்லை. அதனால் பின்பக்க வேலைக்கு முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை, கியர் ஃபர்ஸ்டில். முன்பக்க வேலைக்குப் பின்சக்கரத்துக்குக் கட்டை, ஹேண்ட் பிரேக்.

ஸ்டாண்டில் நிறுத்தியதும் வண்டியைக் கையால் தள்ளிப் பாருங்கள். ஆடினால் இறக்கித் திரும்ப வையுங்கள். கழற்றிய சக்கரத்தைப் படுக்கவைத்து வண்டிக்கு அடியில் தள்ளிவிடுங்கள். எல்லாம் தப்பினாலும் அது காப்பாற்றும். வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். எனக்கு அம்மா பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை "டேய், உயிரோட இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பின்பக்கம்: முதல் ஞாயிறு

இங்கே ஷாக் தனி, ஸ்ப்ரிங் தனி. அதனால் ஸ்ப்ரிங்கைத் தொட வேண்டியதில்லை. ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. சக்கரம் தொங்கும்போது ஆக்சிலை ஓர் அளவுக்கு மேல் இறங்கவிடாமல் பிடித்திருப்பதே ஷாக்தான். அதைக் கழற்றினால் ஆக்சில் கீழே போகும், ஸ்ப்ரிங் இடம் மாறும், பிரேக் ஹோஸ் இழுபடும். அதனால் இரண்டாவது ஜாக்கியை ஆக்சிலுக்கு அடியில் வைத்து லேசாக முட்டுக்கொடுங்கள். ஒரு பக்கம் முழுவதும் முடித்த பிறகுதான் அடுத்த பக்கம்.

துருப்பிடித்த நட்டுக்கு முதல் நாள் ராத்திரியே துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து விடுங்கள். மேல் நட் எங்கே என்று சர்வீஸ் மேனுவலில் பாருங்கள், சில கார்களில் டிக்கி ட்ரிம்முக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். புது ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து முறை முழுசாக அழுத்தி இழுங்கள், உள்ளே தங்கிய காற்று விலகும். பளபளப்பான கம்பியைக் கட்டிங் பிளையரால் பிடிக்கவே கூடாது. ஒரு கீறல் போதும், சீல் கிழிந்து எண்ணெய் கசியும்.

முதல் பக்கத்துக்கு எனக்கு மூன்று மணி நேரம் ஆனது. இரண்டாவது பக்கம் நாற்பது நிமிஷம்!

முன்பக்கம்: இரண்டாவது ஞாயிறு

இதை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். ஸ்ட்ரட்டை வண்டியிலிருந்து இறக்குவது, திரும்ப ஏற்றுவது என் வேலை. ஸ்ட்ரட்டைப் பிரித்து ஸ்ப்ரிங்கைப் புது ஷாக்கில் மாட்டுவது எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் வேலை. அவர் ஷெட்டில் சுவரில் பதித்த ஸ்ப்ரிங் கம்ப்ரெஸர் இருக்கிறது.

இறக்குவது சிக்கல் இல்லை. பிரேக் ஹோஸ் கிளிப்பை எடுத்துவிட்டு, கீழே நக்கிளில் உள்ள இரண்டு போல்ட், மேலே பானெட்டுக்குள் உள்ள மவுண்ட் நட்கள். கழற்றும் முன் போல்ட் இருக்கும் இடத்தை மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். நக்கிள் வெளியே சாய்ந்து ஹோஸை இழுக்காதபடி கம்பியால் கட்டிவையுங்கள்.

மேலே நடுவில் தனியாக ஒரு நட் இருக்கும். அதை மட்டும் தொடக் கூடாது. அழுத்தி வைத்த ஸ்ப்ரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒரு நட்தான்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். படித்திருந்தேன். ஆனாலும் ஷெட்டுக்குப் போனபோது அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார். சும்மா நிற்பானேன், நட்டைக் கொஞ்சம் இளக்கி மட்டும் வைப்போம் என்று ஸ்ட்ரட்டைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு ஸ்பேனரைப் போட்டேன். அரைச் சுற்று வந்தது.

"டேய்! கைய எடு!"

டீ கிளாஸைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். ஸ்பேனரைப் பிடுங்கினார். திட்டவில்லை. மேலே கையைக் காட்டினார். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் கைக்குட்டை அகலத்துக்கு ஓர் ஓட்டை, தார் ஷீட் ஒட்டி அடைத்திருந்தது. "நான் வேலை கத்துக்கிட்ட வருஷம். மூஞ்சி ஒரு சாண் தள்ளி இருந்துச்சு. அவ்வளவுதான் தம்பி வித்தியாசம்."

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஸ்ப்ரிங் விறைப்பு மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன், 150 மி.மீ. அமுங்கியிருக்கிறது என்று வைத்தால், தள்ளும் விசை 3,000 நியூட்டன், அதாவது சுமார் 300 கிலோ. உள்ளே இருக்கும் ஆற்றல் 225 ஜூல். 10 கிலோ கல்லை 2.3 மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம். அதுவும் என் தாடைக்கு நேராக. இதே ஃபார்முலாவை நான் எத்தனை எக்ஸாமில் எழுதியிருக்கிறேன்! பேப்பரில் அது ஒரு மார்க். அங்கே அது என் முகம்.

ஆன்லைனில் இரண்டு கொக்கி உள்ள சின்ன கம்ப்ரெஸர் மலிவாகக் கிடைக்கிறது. முதல் தடவை செய்கிறவர் அதைத் தொட வேண்டாம். கொக்கி சுருளில் வழுக்கினால் இதே கதைதான். அண்ணனின் மெஷினில் அரை மணி நேர வேலை, சின்னக் கூலி. அதில் மிச்சம் பிடிக்கத் தேவையில்லை.

முடிக்கும்போது மூன்று விஷயம்

ஒன்று: ரப்பர் புஷ் உள்ள போல்ட்டை வண்டி தொங்கும்போது முழுசாக இறுக்கக் கூடாது. கையளவு இறுக்கி, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, எடை விழுந்த பிறகு மேனுவலில் உள்ள டார்க்குக்கு இறுக்குங்கள். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். என் செட்டில் இந்தப் படி பலருக்குத் தெரியவில்லை.

இரண்டு: வீல் அலைன்மென்ட். நக்கிள் போல்ட்டைக் கழற்றினாலே சக்கரத்தின் கோணம் மாறிவிடும். கோடு போட்டிருந்தாலும் கடையில் செக் பண்ணுங்கள். இல்லையென்றால் ஷாக்கில் மிச்சம் பிடித்ததை டயரில் விடுவீர்கள்.

மூன்று: முதலில் தெருவிலேயே மெதுவாக ஓட்டி, பிரேக் போட்டு, சத்தம் கேளுங்கள். பிறகு 50 கிலோமீட்டரில் ஒரு தடவை, 500-இல் ஒரு தடவை எல்லா நட்டையும் ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். என் பின்பக்க வலது நட் 50-இல் கால் சுற்று வாங்கியது. பார்க்காமல் விட்டிருந்தால்?

அடுத்த மாதச் செக்கப்புக்கும் நான்தான் ஓட்டினேன். பள்ளம் பள்ளம்தான், திண்ணை திண்ணைதான். புது ஷாக் மாயம் ஒன்றும் செய்யாது. ஆனால் ஏறி இறங்கியதும் ஆட்டம் ஒரே தடவையில் நின்றது. தாத்தா என்ன சொல்லப் போகிறார் என்று கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு கையும் மடியில் இருந்தன. தாம்பரம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார்.

வண்டி இன்றைக்கும் கம்பெனி உயரத்தில்தான் நிற்கிறது. பார்ப்பவர்கள் யாருக்கும் நான் ஒன்றும் மாற்றினதாகத் தெரியாது. நீங்கள் செய்யப் போகிறீர்கள் என்றால் பின்பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள், ஸ்டாண்ட் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள், அந்த நடு நட்டை மட்டும் தெரிந்தவர் கையில் கொடுங்கள்.